ரஷ்ய மொழியா, ஸ்பானிஷா, இரண்டுமா? திருகோணமலையில் இருந்து ஒரு கேள்வி

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை டவுன். கலைப் பிரிவில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டேன், பெறுபேறும் மோசமில்லை. மேலே மொழிதான் படிக்க ஆசை. அதுவும் ரஷ்ய மொழியும் ஸ்பானிய மொழியும், இலக்கியத்தோடு சேர்த்து. "ஆங்கிலத்தையே படி, ரீச்சர் நியமனமாவது கிடைக்கும்" என்கிறார் அம்மா. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கூடப் பயமாக இருக்கிறது.

இந்த இரண்டையும் ஒன்றாகப் படிக்க முடியுமா? எங்கே படிப்பது? படித்துவிட்டு என்ன செய்வது? "கூகிளில் தேடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், தேடிக் களைத்துத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

களனிக்காரன் எழுதியது:

தங்கச்சி, இலங்கைக்குள் இருந்துகொண்டு பட்டமாகப் படிக்க வேண்டுமென்றால் இரண்டு மொழிக்கும் ஒரே நிலைமை இல்லை. களனிப் பல்கலைக்கழக நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், சீனம் மாதிரி மொழிகளோடு ரஷ்ய மொழியும் இருக்கிறது. ஏ.எல். பாடப் பட்டியலிலேயே ரஷ்ய மொழிக்கு இடம் உண்டு, எடுப்பவர்கள்தான் குறைவு. கொழும்பு 7-இல் ரஷ்ய கலாசார நிலையமும் மொழி வகுப்பு நடத்துகிறது. ஸ்பானிய மொழிக்கு இப்படி ஒரு ஏணி இங்கே இல்லை. ஸ்பெயினுக்குக் கொழும்பில் தூதரகம்கூடக் கிடையாது, எல்லாம் டெல்லியில் இருந்துதான் நடக்கிறது. ஸ்பானிய மொழி கற்பிக்கிற ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் கிளையும் நமக்குப் பக்கத்தில் என்றால் புது டெல்லிதான்.

ஆகவே வாசல் திறந்திருக்கும் மொழியைப் பட்டத்துக்கு எடு. மற்றதை வெளியில் படி. இன்னொன்றையும் யோசித்துக்கொள். களனியில் சிங்களமும் ஆங்கிலமும்தான் ஓடும். தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு முதல் வருடம் ரஷ்ய மொழியை விட அதுதான் இடிக்கும். நான் அங்கே இருந்தபோது கன்டீனில் சிங்களம் பிடித்துக்கொண்டேன். ரஷ்ய இலக்கணத்தை விளக்கி எனக்கு உதவியது அநுராதபுரத்து நண்பன் ஒருவன், அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அப்படித்தான் ஓடியது.

நிலாவெளி வழிகாட்டி எழுதியது:

படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும், நான் வயிற்றுப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ரஷ்யர்கள் இலங்கைக்கு நிறைய வருகிறார்கள் என்பது உண்மை. 2023-இல் இந்தியர்களுக்கு அடுத்தபடி அவர்கள்தான். அதைப் பார்த்துவிட்டு "ரஷ்ய மொழி படித்தால் நிலாவெளியில் காசு அள்ளலாம்" என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கச்சி, அவர்கள் வருவது அங்கே குளிர் பிடிக்கிற மாதங்களில். கார்த்திகை, மார்கழியில் நம் கடல் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். வாடைக்காற்று, மழை, படகெல்லாம் கரையில். அவர்கள் போவது தெற்குக் கரையில் உனவட்டுன, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம்.

நம் சீசன் சித்திரை கழித்துத் தொடங்கி புரட்டாதி வரை. அந்த நாட்களில்தான் புறாமலைக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கிற ஓட்டம் எல்லாம். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பெயினே லீவு எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறது, அதில் ஒரு பங்கு உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருகிறது. குடும்பம் குடும்பமாக வருவார்கள், ஆங்கிலம் அரைகுறை. "ஓலா" என்று ஒரு வார்த்தை சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். கோணேசர் கோயில் கதையை ஸ்பானிய மொழியில் சொல்லத் தெரிந்தவர்களை நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிமம் எடுத்துக்கொள். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி என்று வகை வகையாக இருக்கிறது. மொழி கூடினால் கூப்பிடுகிறவர்களும் கூடுவார்கள். ஆனால் சீசன் வேலைதான், மாதச் சம்பளம் மாதிரி எதிர்பார்க்காதே.

மொஸ்கோவில் படித்தவர் எழுதியது:

மகள், நான் மருத்துவம் படிக்கப் போனவன், இலக்கியம் அல்ல. ஆனாலும் அங்கே யார் போனாலும் முதல் வருடம் ஆயத்தப் பீடம்தான், காலை முதல் மாலை வரை மொழி. கிரேக்க எழுத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும் அந்த 33 எழுத்தும் ஒரு கிழமையில் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அழுகை.

ரஷ்ய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் இடங்கள் ஒதுக்குகிறது, இலங்கைக்கும் உண்டு. படிப்புக் கட்டணம் இல்லை, சிறிய உதவித்தொகை தருவார்கள். விமானச் சீட்டு, காப்புறுதி, சாப்பாட்டுச் செலவெல்லாம் உன் தலையில். அந்த உதவித்தொகையை நம்பி யாரும் வயிறு கழுவ முடியாது, வீட்டில் இருந்து பணம் போயே ஆக வேண்டும். மொழிக்கென்றே மொஸ்கோவில் 1966-இல் தொடங்கிய புஷ்கின் நிறுவனம் இருக்கிறது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போனது 1960-இல் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு. கொங்கோத் தலைவர் லுமும்பாவின் பெயரை வைத்தார்கள், 1992-இல் எடுத்தார்கள், 2023-இல் திரும்ப வைத்தார்கள்.

இப்போது அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. ரஷ்யாவில் வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப் போய்ப் போர்முனையில் விட்ட கதைகள் 2024-இல் இலங்கைப் பத்திரிகைகள் முழுக்க வந்தன. வடக்குப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மாணவர் விசா வேறு, அது வேறு. ஆனாலும் பெற்றவருக்கு வேறுபாடு தெரியாது, தெரிந்தாலும் மனம் கேட்காது. எதைச் செய்தாலும் நேரடியாகக் கலாசார நிலையம், தூதரகம் வழியாகச் செய். என் மருமகனிடம் ஓர் ஏஜென்சி "பல்கலைக்கழக அனுமதி" என்று காசு வாங்கிக்கொண்டு, அவனை ஏதோ ஒரு நகரத்தில் மூன்று மாத மொழி வகுப்பில் சேர்த்துவிட்டுக் கையை விரித்தது. அழைப்புக் கடிதத்தில் பீடத்தின் பெயர், எத்தனை வருடப் படிப்பு, முடிவில் என்ன பட்டம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்.

ஹைதராபாத் அக்கா எழுதியது:

நான் மூதூர்ப் பிள்ளை. ஹைதராபாத்தில் ஸ்பானிய மொழியில் பி.ஏ. முடித்தேன். ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் என்று ஒன்று அங்கே இருக்கிறது. ரஷ்ய மொழியும் ஸ்பானிய மொழியும் ஒரே வளாகத்தில் படிக்கலாம், தனித்தனிப் பட்டமாக. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அப்படியே. நம் நாட்டு மாணவர்களுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு, கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மொழி வகுப்பில், மற்ற மொழியின் நண்பர்கள் பக்கத்து அறையில். நீ கேட்ட "இரண்டும்" நடக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து அதுதான்.

ஆனால் இரண்டையும் ஒரே வருடத்தில் பூச்சியத்தில் இருந்து தொடங்காதே. இது என் உறுதியான கருத்து. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்க ஏறத்தாழ 30 கிழமை வைக்கிறது, ரஷ்ய மொழிக்கு 44 கிழமை. அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு. தமிழ் பேசுகிற நமக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும், எனக்குத் தெரிந்து ரஷ்ய மொழிக்குச் சாதகமாகவே மாறும்.

ஏன் என்று சொல்கிறேன். "நான் மாணவி" என்பதில் "இருக்கிறேன்" என்று ஒரு வினை நமக்குத் தேவையில்லை, ரஷ்ய மொழிக்கும் தேவையில்லை. ஆங்கிலத்து "ஏ", "த" தொல்லை தமிழிலும் இல்லை, ரஷ்ய மொழியிலும் இல்லை. "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்று நாம் சொல்வதை அவர்களும் அதே கட்டில் சொல்கிறார்கள், "நான் வைத்திருக்கிறேன்" என்று அல்ல. "எனக்குக் குளிர்கிறது" என்பதும் அப்படியே, "எனக்கு"தான் முன்னால் வரும். ஆறு வேற்றுமை என்றதும் ஆங்கிலக்காரர் மயங்கி விழுவார். எட்டு வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய நமக்கு என்ன பயம்? ஆங்கிலம் வழியாக ரஷ்ய மொழியைப் பிடிக்கப் போகிறவர்கள் இந்த லாபம் அத்தனையையும் விட்டுவிடுகிறார்கள். வாக்கியத்தைத் தமிழில் நினைத்துக்கொண்டு எழுது, ஆங்கிலத்தில் நினைக்காதே.

கஷ்டம் எங்கே என்றால் பால். மேசை, சுவர், ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரு பால் இருக்கும், பெயரடையும் அதற்கேற்ப மாறும். அப்புறம் வினையின் முற்றுநிலை, அதாவது செயல் முடிந்ததா இல்லையா என்பது. "எழுதினேன்", "எழுதிவிட்டேன்" இரண்டும் நமக்கு வேறு வேறு என்று காது சொல்லும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டால் ரஷ்ய வினைச் சோடிகளில் பாதித் தூரம் போய்விடலாம். மீதிப் பாதி போவது, வருவது பற்றிய வினைகள். நடந்து போனால் ஒன்று, வாகனத்தில் போனால் இன்னொன்று, போய்த் திரும்பினால் வேறொன்று. அதில் பல வருடம் படித்தவர்களும் தடுக்குவார்கள்.

ஸ்பானிய மொழி தொடக்கத்தில் சொகுசு. எழுதியபடி வாசிக்கலாம். வினை விகுதியிலேயே ஆள் தெரிவதால் "நான்", "நீ" சொல்லத் தேவையில்லை, பேசுகிறேன் என்றால் பேசுவது யார் என்று தெரிகிற மாதிரி. "எனக்குப் பிடிக்கும்" என்கிற நம் கட்டு அங்கேயும் உண்டு. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. சுவர் வருவது இரண்டாம் வருடத்தில். விருப்பம், சந்தேகம், அச்சம் எல்லாவற்றுக்கும் வினை உருவம் மாறும் ஒரு வகை இருக்கிறது, அதோடு நாட்டுக்கு நாடு பேச்சு மாறும். ஸ்பெயின் நாட்டு ஆசிரியரிடம் படித்துவிட்டு ஆர்ஜென்டினாப் படம் பார்த்தால் வேறு மொழி மாதிரி இருக்கும்.

டவுன் ஹோல் சந்தி எழுதியது:

எல்லாம் சரி. இப்போது போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்க்கிறது. ரஷ்யக்காரன் மீன் விலை கேட்டால் போனிலேயே பதில் சொல்கிறோம். நாலு வருடம் இதைப் படித்து என்ன வரப் போகிறது? நேரே கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

ஹைதராபாத் அக்கா எழுதியது:

மீன் விலைக்குப் போன் போதும் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். சாதாரணக் கடித மொழிபெயர்ப்பு வேலை குறைந்துவிட்டது என்பதும் உண்மை. என்னோடு படித்தவர்களில் கன பேர் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கம்பனிகளில் ஸ்பானிய மொழி வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை விட இவர்களுக்குச் சம்பளம் கூட. இரவு வேலை, லத்தீன் அமெரிக்க நேரத்துக்கு. கவிதை படித்துவிட்டுக் கடனட்டைப் புகார் கேட்பது எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டுக் கற்பிக்கப் போனேன்.

பழம்புத்தகம் எழுதியது:

பிள்ளை இலக்கியம் என்று கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ரஷ்ய இலக்கியம் ஆங்கிலம் வழியாக வந்தது அல்ல. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம், பிறகு ராதுகா பதிப்பகம், தமிழிலேயே அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், விலை ஒரு பிளேன் ரீ மாதிரி. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மொழிபெயர்த்தவை. சோவியத் சரிந்ததோடு அந்த வரவு நின்றது. யுத்த காலத்தில் வீடு மாறி வீடு மாறி ஓடியபோது நான் தூக்கிக்கொண்டு திரிந்த பெட்டியில் அவையும் இருந்தன, மனைவி இன்றைக்கும் ஏசுவாள்.

அங்கே இருந்து இங்கேயும் பார்த்திருக்கிறார்கள். மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி சங்க இலக்கியத்தில் ஊறியவர், 2020-இல் கொரோனாவில் போய்விட்டார். ஒரு ரஷ்யர் குறுந்தொகை படிக்கலாம் என்றால் உவர்மலைப் பிள்ளை ஒருத்தி செக்கோவை மூலத்தில் படிக்கக்கூடாதா?

செக்கோவ் என்றதும் ஞாபகம் வருகிறது. 1890 நவம்பரில் சகாலின் தீவில் இருந்து திரும்புகிற வழியில் அவர் இலங்கையில் இறங்கினார். கொழும்பு, கண்டி வரை போனார். கப்பலில் இறந்து கடலில் இறக்கப்படும் ஒரு படைவீரனைப் பற்றிய "கூசெவ்" கதை அந்தப் பயணத்தில் பிறந்தது. போகும்போது கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் இவான் புனின் 1911-இல் வந்தார், கொழும்பு ரிக்‌ஷாக்காரன் ஒருவனை வைத்துக் கதை எழுதினார், 1933-இல் நோபெல் பரிசு வாங்கினார். ரஷ்ய மொழிப் பட்டத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் தலைப்புத் தேடி அலையத் தேவையில்லை.

தொடங்க வேண்டியதும் செக்கோவின் சின்னக் கதைகளில்தான். வாக்கியம் சிறியது, ஆட்கள் தெரிந்தவர்கள். தஸ்தயேவ்ஸ்கியை எடுத்துக்கொண்டு முதல் வருடமே மல்லுக்கட்டப் போனால் மொழியையும் வெறுப்பாய், அவரையும் வெறுப்பாய். அவரை எம்.ஏ. சுசீலாவின் தமிழில் இப்போதே வாசி, பிறகு மூலத்துக்குப் போ.

வெள்ளைமணல் எழுதியது:

கீரிப்பிள்ளை என்றதால் சொல்கிறேன், கொழும்பில் கீரிப்பிள்ளை வளர்த்த இன்னொருவரும் இருக்கிறார். கவிஞர் பாப்லோ நெரூதா. சிலி நாட்டுக் கொன்சலாக 1929-இல் வந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் வீடு எடுத்து இருந்தார். ஸ்பானிய இலக்கியம் படிக்கப் போகிற எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அவரிடம் வந்தே ஆக வேண்டும், ஆகவே மறைக்காமல் சொல்வோம். அவர் இறந்த பிறகு 1974-இல் வந்த நினைவுக் குறிப்பில், தன் வீட்டு மலக்கூடத்து வாளியை எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் இல்லை. சிலை போல இருந்தாள் என்கிறார். 2018-இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கிற பேச்சு வந்தபோது சிலிப் பெண்கள்தான் எதிர்த்து நின்றார்கள்.

நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். அந்தப் பக்கத்தை ஸ்பானிய மொழியிலேயே வாசித்து, அவர் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துக் கேள்வி கேட்டு, தமிழில் விரிவாக எழுதக்கூடிய ஒருத்தி நம் பக்கத்தில் இருந்து வரவேண்டும் என்று எனக்கு ஆசை. தங்கச்சியின் அம்மா "எதற்கு ஸ்பானிஷ்" என்று கேட்டால் இதைச் சொல்லலாம். சொன்னால் அம்மா விடுவாரோ தெரியாது.

டவுன் ஹோல் சந்தி எழுதியது:

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய காதல் கவிதையைத் தமிழில் எடுத்துக் கலியாண அட்டையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். இனி அந்தக் கவிதையை வாசிப்பதா, விடுவதா?

வெள்ளைமணல் எழுதியது:

நான் வாசிக்கிறேன். கவிதையைப் பக்கத்தில் வைத்து அந்தப் பக்கத்தையும் வைத்து. கலியாண அட்டைக்கு வேறு கவிஞர் பார்க்கலாம்.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு துண்டு. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் போர்த்துக்கல்லை ஆண்டவர் ஸ்பெயின் அரசர். 1580 முதல் 1640 வரை இரண்டு முடிக்கும் ஒரே தலை. அந்தக் கால ஆவணங்கள் போர்த்துக்கேய மொழியில் கிடக்கின்றன. ஸ்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவருக்கு எழுத்தில் உள்ள போர்த்துக்கேயம் ஓரளவு விளங்கும். நம் ஊரின் கதையை மற்றவர்களின் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறோம். மகள் இலக்கியம் படித்துவிட்டு ஆவணக் காப்பகம் பக்கம் வந்தால் வேலைக்குக் குறைவில்லை, சம்பளத்துக்கு நான் பொறுப்பில்லை.

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெரூதா பகுதியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்பா போர் பற்றிய பகுதியில்தான் நின்றார். ரஷ்யாவுக்கு இப்போதைக்கு இல்லை, இந்தியா என்றால் யோசிக்கலாம் என்கிறார். பேசிவிட்டாரே, அதுவே பெரிய விஷயம்.

இப்போதைய எண்ணம் இதுதான். களனிக்கும் விண்ணப்பம், இந்தியப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பம். எது கிடைத்தாலும் பட்டம் ரஷ்ய மொழியில். ஸ்பானிய மொழியை ஒரு வருடம் கழித்துத் தொடங்கி, சீசனில் நிலாவெளி அண்ணாவோடு போய்ப் பேசிப் பழகுவது. அண்ணா கூட்டிப் போவீர்களா? அதுவரை சும்மா இருக்காமல் ரஷ்ய எழுத்தையாவது படிக்கலாம் என்று பார்க்கிறேன். தனியாக இருந்தால் நான் தூங்கிவிடுவேன். வேறு யாராவது சேருகிறீர்களா?

நிலாவெளி வழிகாட்டி எழுதியது:

படகில் இடம் இருக்கும். மிதப்பு அங்கி போடவேண்டும், கதை சொல்லும்போது மைக்கைக் கடலில் போடக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. ஸ்பானியக் குடும்பம் வந்தால் நீ பேசு, நான் பக்கத்தில் நின்று படிக்கிறேன்.

ஹைதராபாத் அக்கா எழுதியது:

நல்ல முடிவு. ஒரு திருத்தம் மட்டும்: களனி அனுமதியும் இந்தியப் புலமைப்பரிசிலும் ஒரே காலத்தில் முடிவாகாது. ஒன்று வந்தவுடன் மற்றதை விட்டுவிடாதே. இரண்டு கடிதமும் கையில் வரும்வரை பொறு. என்னோடு படித்த ரஷ்ய மொழித் தோழி ஒருத்தி சூமில் வந்து எழுத்தும் உச்சரிப்பும் காட்டுவாள், கேட்டுவிட்டேன். ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத "ஓ" எல்லாம் "அ" மாதிரி ஒலிக்கும், அதை ஆள் வாயில் கேட்காமல் புத்தகத்தில் மட்டும் படித்தால் பிறகு திருத்துவது கஷ்டம்.

பழம்புத்தகம் எழுதியது:

என்னிடம் பழைய ரஷ்ய அரிச்சுவடி ஒன்றும் அகராதி ஒன்றும் இருக்கின்றன. கரையான் ஓரத்தைத் தின்றுவிட்டது, எழுத்து மிச்சம். உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூடலாம். சூமுக்கு லப்டொப் யாராவது கொண்டுவாருங்கள், அது என்னிடம் இல்லை.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

என் மகனும் மகனின் கூட்டாளி ஒருவனும் வருவார்கள் ஐயா. கிண்ணியாவில் இருந்து ஞாயிறு பஸ் ஒன்பதுக்கெல்லாம் வந்து சேராது. பத்தரைக்கு வையுங்கள்.